உள்ளே பதவி உயர்வா, வெளியே புது வேலையா? காரைக்குடிப் பக்கம் சேல்ஸில் இருப்பவர்களுக்கு

சேல்ஸ் வேலையில் இரண்டு மூன்று வருடம் ஓட்டிய எல்லோருக்கும் இந்தக் கட்டம் வரும். ஏரியா மேனேஜர் கூப்பிட்டு, "வர்ற ஏப்ரல்ல உன்னை சூப்பர்வைசர் ஆக்கலாம்னு ஒரு பேச்சு இருக்கு தம்பி" என்பார். அதே மாதத்தில் வேறு கம்பெனிக்காரர் ஒருவர் ஏஜென்சி (கம்பெனிச் சரக்கை எடுத்துக் கடைகளுக்குக் கொடுக்கும் விநியோகஸ்தர்) வாசலில் டீ வாங்கிக் கொடுத்து, "எங்ககிட்ட வந்துடுங்க, மாசம் நாற்பது வரும்" என்பார். இரண்டுமே நல்ல செய்திதான். ஆனால் சேர்ந்து வந்தால் தூக்கம் போய்விடும்.

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம் பக்கம் லைன் (கடை கடையாகச் சுற்றி ஆர்டர் எடுக்கும் வழி) பார்க்கிற தம்பி தங்கைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பிஸ்கட், சோப்பு, மசாலா விற்பவர்களுக்கும், மருந்து ரெப்களுக்கும், பெயின்ட், சிமென்ட், டைல்ஸ் விற்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேல்ஸில் நம் சம்பளத்தில் பாதிதான் ஆஃபர் லெட்டரில் இருக்கும். மீதிப் பாதி, நமக்குக் கொடுக்கப்போகிற லைனில் இருக்கும். லைன் செத்துக் கிடந்தால் லெட்டரில் எவ்வளவு போட்டிருந்தாலும் இன்சென்டிவ் வராது. டார்கெட் ஏறாது, ஆறு மாதத்தில் நம் பேரும் கெடும். அதனால் பதவியின் பெயரையும் சம்பளத்தையும் மட்டும் தராசில் வைக்காதீர்கள். லைன், டார்கெட், யாருக்குக் கீழே வேலை என்ற மூன்றையும் இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள்.

முதலில், நீங்கள் யாருடைய ஆள்?

புதிதாக வந்த பலருக்கு இது தெரிவதே இல்லை. சட்டையில் பெரிய கம்பெனியின் லோகோ இருக்கும். சம்பளம் ஏஜென்சி முதலாளி கொடுப்பார். இல்லையென்றால் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிற ஒரு ஆள் சப்ளை நிறுவனத்தின் பெயரில் வரும். சந்தேகம் இருந்தால் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். அதில் நிறுவனம் என்று யார் பெயர் இருக்கிறதோ அவரிடம்தான் நீங்கள் வேலை பார்க்கிறீர்கள். பிஎஃப்பே இல்லையென்றால் பெரும்பாலும் ஏஜென்சி ஆள்.

ஏஜென்சி ரோலில், அதாவது ஏஜென்சியின் சம்பளப் பட்டியலில் இருப்பவருக்கு, "பதவி உயர்வு" என்று சொல்லி அதே ரோலில் ஆயிரம் ரூபாய் கூட்டிக் கொடுத்து, மூன்று பையன்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது உண்டு. அது உதவாது என்று சொல்லமாட்டேன், அனுபவம் கிடைக்கும். ஆனால் வெளியே இன்னொரு கம்பெனி தன் சொந்த ரோலில் எடுத்துக்கொள்கிறேன் என்றால், கையில் வருகிற பணம் கொஞ்சம் குறைந்தாலும் அதைத் தட்டாதீர்கள். பிஎஃப், காப்பீடு, முறையான சம்பள ஸ்லிப், அடுத்த வேலைக்குக் காட்ட ஒரு பெயர் எல்லாம் அதில்தான் ஆரம்பிக்கிறது. இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் யோசிக்காமலே வெளி வேலைக்குக் கை தூக்குவேன்.

அதேபோல உங்கள் கம்பெனியே ஏஜென்சி ரோலிலிருந்து கம்பெனி ரோலுக்கு மாற்றுகிறது என்றால், அது வெறும் சம்பள உயர்வைவிடப் பெரியது. எட்டாயிரம் கூட என்று ஆசை காட்டி வெளியே கூப்பிடுகிறவர் எந்த ரோலில் எடுப்பார் என்று கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

உள்ளே கிடைக்கும் உயர்வை எப்படிப் பார்ப்பது?

சேல்ஸ்மேன் சூப்பர்வைசர் ஆனால் வேலையே மாறிவிடும். இதுவரை நீங்கள் பில் போட்டீர்கள். இனி நான்கு பேரைப் பில் போட வைக்க வேண்டும். காலையில் ஒருவன் லீவ் சொல்வான். இன்னொருவன் கல்லல் லைனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருப்பான். மூன்றாமவன் கடையில் வசூலித்த பணத்தை ஏஜென்சியில் கட்டாமல் வைத்திருப்பான். ராத்திரி ஒன்பது மணிக்கு மேனேஜர் போன் செய்து, நான்கு பேருடைய விற்பனை எண்ணையும் உங்களிடம் கேட்பார். விற்பதில் கெட்டிக்காரர் எல்லோரும் இதில் சந்தோஷமாக இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. கடைக்காரரிடம் பேசி ஆர்டர் எடுப்பதுதான் உங்களுக்கு உயிர் என்றால், அதே வேலையை இன்னும் பெரிய கடைகளுக்கு, ஹோட்டல்களுக்கு, மொத்த வியாபாரிகளுக்குச் செய்கிற பதவி இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் உயர்வுதான்.

ஆனால் ஆள்களை நடத்திப் பழக வேண்டும் என்ற ஆசை இருந்தால், அதை முதல் தடவை சொந்தக் கம்பெனியில் பழகுவது நல்லது. கடைக்காரர்களைத் தெரியும், ஏஜென்சி முதலாளியின் குணம் தெரியும், எந்த ஸ்கீம் (கடைகளுக்குக் கொடுக்கும் சலுகை) ஓடும் என்று தெரியும். புதிதாகக் கற்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருக்கும். வெளியே போய் சூப்பர்வைசர் ஆனால் புதுச் சரக்கு, புது ஏஜென்சி, புது ஆட்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கற்க வேண்டும். பதவி உயர்வை இங்கே வாங்கி, ஒன்றரை வருடம் ஆள்களை நடத்திய அனுபவத்தோடு வெளியே போகிறவருக்குப் பேரம் பேசும் பலமும் கூடுகிறது.

இதெல்லாம் உயர்வு நிஜமாக இருந்தால்தான். "பேச்சு இருக்கு" என்பது உயர்வு ஆகாது. அந்த இடம் இப்போது காலியாக இருக்கிறதா? இருப்பவர் எங்கே போகிறார்? உங்களோடு வேறு யாரைப் பார்க்கிறார்கள்? சம்பளம் எந்த மாதத்திலிருந்து ஏறும்? எந்த ஊர்? இந்தக் கேள்விகளுக்கு மேனேஜர் தெளிவாகப் பதில் சொன்னால் நம்பலாம். "முதல்ல பொறுப்பைப் பாரு, சம்பளம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றால் எத்தனை மாதம் என்று கேட்டு, அதை மெயிலில் வாங்குங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு மேல் லெட்டர் வராமல் இழுத்தால், அந்த வேலையைக் குறைந்த சம்பளத்தில் உங்களைச் செய்ய வைக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஊர் விஷயத்தில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. மதுரையும் திருச்சியும் காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். செட்டிநாடோ சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டத்திலும் பரவிக் கிடக்கிறது. சில கம்பெனிகளில் காரைக்குடி மதுரை ஆபீசுக்குக் கீழே வரும், பொன்னமராவதியும் திருமயமும் திருச்சிக்குக் கீழே போய்விடும். இதனால் இங்கே சூப்பர்வைசர் இடமே குறைவு. உயர்வு என்றால் பெரும்பாலும் ராமநாதபுரம், தஞ்சாவூர், திருச்சி என்று வெளியூர்தான். வீட்டில் கலந்து பேசாமல் சரி என்று சொல்லிவிடாதீர்கள். பெண்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: மாதக் கூட்டம் எந்த ஊரில், எத்தனை மணிக்கு முடியும், தங்க வேண்டி வந்தால் அறை யார் பொறுப்பு. இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

வெளியே சொல்கிற சம்பளத்தைப் பிரித்துப் பாருங்கள்

"மாசம் நாற்பது" என்று டீக்கடையில் சொன்னது, ஆஃபர் லெட்டரில் வருடத்துக்கு 4,80,000 சிடிசி (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) என்று இருக்கும். அதைப் பிரித்தால் எப்படி வரும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40,000-இல் 20 சதவீதம், அதாவது 8,000, வேரியபிள். டார்கெட் அடித்தால்தான் அது உண்டு. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்தால், கம்பெனி கட்டுகிற பிஎஃப் 12 சதவீதம், 1,800. அதையும் சிடிசிக்குள்ளேயே சேர்த்திருப்பார்கள். கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலையை விடும்போது தரும் பணிக்கொடைக்கு ஒதுக்குவது சுமார் 720, காப்பீட்டுக்கு ஒரு 480. இவை போக மாத நிலைச் சம்பளம் 29,000. அதிலிருந்து உங்கள் பங்கு பிஎஃப் 1,800 பிடித்தால் கையில் 27,200.

இந்த 27,200-ஐத்தான் இப்போதைய சம்பளத்தோடு ஒப்பிட வேண்டும், நாற்பதாயிரத்தை ஒப்பிடக்கூடாது. இப்போது கையில் 24,000 வாங்கி, போன பன்னிரண்டு மாதத்தில் சராசரி 3,500 இன்சென்டிவ் வருகிறது என்றால், அங்கே வேரியபிள் வராத வரை இரண்டும் ஒரே இடத்தில்தான் நிற்கிறது. இன்சென்டிவுக்கு ஒரு நல்ல மாதத்தை எடுத்துக் கணக்குப் போடாதீர்கள். தீபாவளி மாதம் எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கும். வருடச் சராசரியே சரியான எண்.

வேரியபிள் எந்தப் படியில் ஆரம்பிக்கிறது என்றும் கேளுங்கள். பல இடத்தில் டார்கெட்டில் 90 சதவீதம் தொட்டால்தான் முதல் ரூபாயே வரும். 85-இல் நின்றால் சைபர். மாதக் கணக்கா, மூன்று மாதக் கணக்கா? விற்பனைக்கு மட்டுமா, கலெக்‌ஷனுக்கும் சேர்த்தா? கடைக்குக் கடன் கொடுத்துத்தான் சரக்கு ஓடுகிற ஊர் இது. கலெக்‌ஷன் சேர்ந்திருந்தால் வேரியபிள் முழுதாகக் கைக்கு வருவது கஷ்டம்.

அப்புறம் பெட்ரோல். இந்தப் பக்கத்து லைன் எல்லாம் நீளம். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று ஒரு நாள், கல்லல், நாச்சியாபுரம் என்று ஒரு நாள் என்று தினம் 90 கிலோமீட்டர் வண்டி ஓடினால், 25 நாளில் 2,250 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிடைக்கிற வண்டியில் 50 லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 5,000. கிலோமீட்டருக்கு 3 ரூபாய் கொடுக்கிற கம்பெனியில் 6,750 வரும், டயர், ஆயில், சர்வீசுக்கும் மிஞ்சும். "ஃபிக்ஸடா நாலாயிரம்" என்கிற கம்பெனியில் மாதம் ஆயிரம் ரூபாய் உங்கள் சட்டைப் பையிலிருந்து போகும். சென்னையில் ஒரே தெருவில் நாற்பது கடை பார்க்கிறவருக்கு வைத்த அலவன்ஸை இங்கேயும் வைப்பார்கள். இந்த ஊர் தூரத்தைச் சொல்லிக் கேட்டால் சிலர் மாற்றித் தருகிறார்கள். சேர்ந்த பிறகு கேட்டால் யாரும் தருவதில்லை.

வேலைக்கு முன்பணம், டெபாசிட், டிரெய்னிங் கட்டணம் என்று யாராவது கேட்டால் அதோடு பேச்சை முடித்துவிடுங்கள்.

லைனைப் போய்ப் பாருங்கள்

மற்ற எதையும் விட்டாலும் இதை விடாதீர்கள். உங்களுக்குக் கொடுப்பதாகச் சொல்கிற லைனில் ஒரு நாள், லீவ் போட்டாவது, சும்மா நடந்து வாருங்கள். நீங்கள் ஏற்கெனவே லைன் பார்க்கிறவர் என்பதால் கடைக்காரர்களுக்கு உங்களைத் தெரியும். பொய் சொல்ல வேண்டியதில்லை, வேவு பார்க்க வேண்டியதும் இல்லை. "அண்ணாச்சி, இந்தக் கம்பெனியில கூப்பிடுறாங்க, எப்படி இருக்கும்?" என்று நேராகவே கேட்கலாம். அவர் அளவுக்கு உண்மையை வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

அலமாரியில் அந்தக் கம்பெனிச் சரக்கை எடுத்துத் திருப்பி, தயாரித்த மாதத்தைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய சரக்கு முன்வரிசையில் நின்றால் அது ஓடவில்லை. பக்கத்துக் கம்பெனிச் சரக்கு போன மாதத் தேதியோடு இருந்தால், எதற்கு வாங்க ஆள் இருக்கிறது என்று புரிந்துவிடும். பிறகு டேமேஜ், எக்ஸ்பைரி எடுக்கிறார்களா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குச் சில கடைக்காரர் வாயால் பதில் சொல்லமாட்டார். குனிந்து, கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்து வைப்பார். உள்ளே தேதி போன பாக்கெட்டுகள், ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுதிய பில் நம்பர், மேலே ரப்பர் பேண்டு போட்ட சீட்டுக் கட்டு. "இதுக்கு முன்ன வந்த பையன் எடுத்துக்கிறேன்னான். அவனும் போயிட்டான். அதுக்கு முன்ன இருந்தவனும் அப்படித்தான் சொன்னான்." நீங்கள் சேர்ந்தால் முதல் நாள் உங்கள் முன்னால் வைக்கப்போவது அந்தப் பெட்டியைத்தான். ஆர்டர் அப்புறம்தான் பேச முடியும்.

கடையை விட முக்கியம் ஏஜென்சி. குடோனை ஒரு பார்வை பார்க்க முடிந்தால் போதும். வேகமாக ஓடும் சரக்கு என்றால் இரண்டு மூன்று வாரத்துக்கான இருப்பு இருப்பது இயல்பு. கூரை வரைக்கும் இரண்டு மாதச் சரக்கு அடுக்கியிருந்தால், போன மார்ச்சில் யாரோ டார்கெட்டை முடிக்க ஏஜென்சி தலையில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். அது கடைகளுக்குப் போய்த் தீர்கிற வரை நீங்கள் கம்பெனியிலிருந்து ஒரு பில்லும் ஏற்ற முடியாது. ஆனால் உங்கள் டார்கெட்டோ அந்த மார்ச் எண்ணின் மேல் பத்துப் பதினைந்து சதவீதம் கூட்டி வரும். முந்தையவர் வாங்கிய இன்சென்டிவுக்கு நீங்கள் உழைத்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஏஜென்சி முதலாளியிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: க்ளெய்ம் எவ்வளவு நிற்கிறது? ஸ்கீம் தொகையைக் கடைகளுக்கு அவர் கைப்பணத்தில் கொடுத்திருப்பார், கம்பெனி திருப்பித் தர வேண்டும். ஒன்றிரண்டு மாதம் நின்றால் சகஜம். போன வருடத்துப் பைலையே இன்னும் வைத்துக்கொண்டு புலம்புகிறார் என்றால், அவர் புதுச் சரக்கு எடுக்கமாட்டார். ஏஜென்சியை மாற்றப் போகிறோம் என்று கம்பெனி சொன்னால், புது ஏஜென்சி கால் ஊன்ற மாதங்கள் ஆகும். அதுவரை டார்கெட்டைத் தளர்த்துவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

இந்தப் பக்கத்து வியாபாரத்துக்குத் தனிக் குணம் உண்டு. இங்கே வளராத ஒருவர் சென்னையில் உட்கார்ந்து போட்ட டார்கெட்டில் அது தெரியாது. வீதி வீதியாகப் பெரிய வீடுகள் இருக்கும், பாதி பூட்டிக் கிடக்கும். குடும்பம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். அதே வீட்டில் கல்யாணம் என்றால் ஒரு வாரத்தில் ஊரே நிறைந்துவிடும். பலகாரம் செய்கிறவர்கள் எண்ணெயும் மாவும் மொத்தமாக எடுப்பார்கள். முகூர்த்த மாதங்கள், பிள்ளையார்பட்டி சதுர்த்தி, குன்றக்குடி வழியாகப் பழனி பாதயாத்திரை போகிற தைப்பூசக் காலம் என்று வியாபாரம் ஏறி இறங்கும். பெயின்ட், டைல்ஸ் விற்பவருக்கு இன்னொரு சங்கதி: பழைய வீட்டைப் பழுது பார்க்கிற முடிவை எடுப்பவர் வெளியூரில் இருப்பார், என்ன சரக்கு என்று சொல்பவர் இங்கே இருக்கிற மேஸ்திரி. தரைக்கு ஆத்தங்குடிக் கல்தான் வேண்டும் என்று நிற்கிற வீட்டில் மற்ற டைல்ஸ்காரருக்கு சமையலறையும் குளியலறையும்தான் மிஞ்சும். ஆர்டர் விழ மாதக்கணக்கில் ஆகும். புதுவயல் அரிசி ஆலைகளுக்குச் சாக்கோ இயந்திர உதிரிப் பாகமோ விற்பவருக்கு அறுவடையை ஒட்டித்தான் வேலை.

ஆகவே டார்கெட்டைக் கேட்கும்போது வருட எண்ணை மட்டும் கேட்காதீர்கள். போன வருடம் ஒவ்வொரு மாதமும் இந்த லைனில் என்ன நடந்தது என்று கேளுங்கள். பன்னிரண்டு எண்ணையும் காட்டுகிற கம்பெனி பெரும்பாலும் நேர்மையான கம்பெனி. உள் உயர்வுக்கும் இதே கேள்விதான். சொந்தக் கம்பெனிதானே என்று, கொடுக்கிற ஏரியாவைப் பார்க்காமல் தலையாட்டுகிறவர்கள் நிறையப் பேர். மூன்று வருடமாக யாரும் நிலைக்காத ஏரியாவை "உன்னை நம்பித் தர்றோம்" என்று கொடுத்தால், ஏன் நிலைக்கவில்லை என்று முன்னால் இருந்தவரையே தேடிப் பிடித்துக் கேளுங்கள்.

மேனேஜரிடம் எப்படிப் பேசுவது?

வெளி ஆஃபரைக் காட்டி மிரட்டி உயர்வு வாங்குவது ஒரு தடவை பலிக்கலாம். அதற்குப் பிறகு உங்களை என்றைக்கிருந்தாலும் போகிற ஆளாகத்தான் பார்ப்பார்கள். நிஜமாகவே போகத் தயார் என்றால் மட்டும் பேச்சை எடுங்கள். தனியாக, க்ளோசிங் (மாத விற்பனைக் கணக்கை முடிப்பது) இல்லாத ஒரு நாளில்.

"சார், வெளியில ஒரு வாய்ப்பு வந்திருக்கு. எனக்கு இங்க இருக்கத்தான் விருப்பம். அந்த சூப்பர்வைசர் இடம் எப்போ, எந்த ஏரியா, சம்பளம் எவ்வளவுன்னு தெரிஞ்சா நான் முடிவு பண்ணிடுவேன். இருபதாம் தேதிக்குள்ள சொல்ல முடியுமா சார்?"

இவ்வளவு போதும். எந்தக் கம்பெனி, எவ்வளவு என்று கேட்டால் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. தேதி வைத்துப் பேசியதால் அவரும் மேலே பேச முடியும். அவர் நல்லவராக இருந்து கையில் அதிகாரம் இல்லாதவராக இருக்கலாம், அதுவும் அந்தப் பதிலில் தெரிந்துவிடும். அன்று சாயங்காலமே "இன்று பேசியபடி" என்று ஆரம்பித்து ஒரு சின்ன மெயில் போட்டு வையுங்கள். மேனேஜர் மாறிப் போனாலும் அது இருக்கும்.

ராஜினாமா கொடுத்த பிறகு, "இரு, அதே சம்பளம் நாங்க தர்றோம்" என்று வருவது தனிக் கதை. கொடுக்க முடிந்ததை இவ்வளவு நாள் ஏன் கொடுக்கவில்லை என்று யோசியுங்கள். நீங்கள் கிளம்ப நினைத்த காரணம் பணம் மட்டும்தான் என்றால், எழுத்தில் வாங்கிக்கொண்டு இருக்கலாம். காரணம் மேனேஜரின் வாய், செத்த லைன், ராத்திரிக் கூட்டம் என்றால் இரண்டாயிரம் ரூபாய் அதைச் சரி செய்யாது. புதுக் கம்பெனியில் சேருகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு இங்கேயே நின்றால் அந்தக் கதவும் சாத்திவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இந்தத் தொழிலில் மதுரைக்கும் திருச்சிக்கும் நடுவே மேனேஜர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள்.

காகிதமும் காலமும்

சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லையென்றால், இரண்டு பக்கமும் அவசரப்படாதீர்கள். ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு முழு வருடம் ஒரே லைனில் நின்றால்தான், "நான் வந்தபோது இவ்வளவு, இப்போது இவ்வளவு" என்று காட்ட உங்களிடம் ஒரு எண் இருக்கும். இன்டர்வியூவில் வேறு எதுவும் அந்த அளவுக்குப் பேசாது. இப்போதைய சம்பளத்தை அங்கே கூட்டிச் சொல்லாதீர்கள். ஸ்லிப், பாங்க் ஸ்டேட்மென்ட், பிஎஃப் என்று மூன்று வழியில் சரிபார்ப்பார்கள். உங்கள் கம்பெனியின் ஸ்கீம், டீலர் பட்டியல் எல்லாம் கேட்டால், "சார், அது என் கம்பெனியோடது" என்று சொல்லிவிடுங்கள். நல்ல கம்பெனி அதற்காக உங்களை மதிக்கும்.

சேரும் தேதி போட்ட ஆஃபர் லெட்டர் கையில் வராமல் ராஜினாமா எழுதக் கூடாது. நோட்டீஸ் 30 நாளா, 60 நாளா, 90 நாளா என்று உங்கள் பழைய அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்துப் படியுங்கள். இன்சென்டிவ் கொடுக்கும் தேதியில் வேலையில் இருந்தால்தான் உண்டு என்று பல இடத்தில் விதி இருக்கிறது. ஆகவே வர வேண்டிய இன்சென்டிவ் தொகை வரவு வைக்கப்பட்ட பிறகு கிளம்புவது லாபம். ஐந்து வருடம் முடியச் சில மாதம்தான் பாக்கி என்றால் கிராஜுவிட்டியையும் பாருங்கள். நிரந்தரப் பணியாளருக்கு ஐந்து வருடத் தொடர் பணி வேண்டும். கடைசி மாத ஊதியத்தை (முக்கியமாக அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும்) 26-ஆல் வகுத்து, 15-ஆலும் வருடங்களாலும் பெருக்கினால் தொகை வரும். 15,000 ரூபாய்க்கு ஐந்து வருடத்தில் சுமார் 43,000. இரண்டு மாதம் பொறுத்தால் கிடைக்கிற பணத்தை ஏன் விட வேண்டும்?

"போட்டிக் கம்பெனியில் இரண்டு வருடம் சேரக்கூடாது" என்ற வரி லெட்டரில் இருந்தால் பலர் பயந்துவிடுகிறார்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கிற ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. வேலையை விட்ட பிறகு அந்த வரி உங்களைக் கட்டுப்படுத்துவது கடினம். ஆனால் கம்பெனியின் ரகசிய விவரங்களை எடுத்துப் போகக் கூடாது என்பது வேறு, அது செல்லும். அதேபோல, இத்தனை வருடம் இருக்க வேண்டும், இல்லையேல் இவ்வளவு பணம் என்ற பாண்டும் வேறு. 2025-இல் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே பாண்டில் கையெழுத்துப் போடும் முன் தொகையைப் பார்த்துப் போடுங்கள்.

கணக்கை ஒப்படைத்துவிட்டுக் கிளம்புவது

இந்த ஊருக்கு இது புதிதில்லை. பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போன காலத்தில், செட்டியார் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, மேலாளாகி, கடையையே நடத்தும் இடத்துக்கு வந்தார். தவணை பெரும்பாலும் மூன்று வருடம். முடிந்ததும் அடுத்து வருபவரிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டுத்தான் ஊருக்குக் கப்பல் ஏறுவார். அதன்பிறகு அதே கடையோ, வேறு கடையோ, சொந்தக் கடையோ. கணக்கு சுத்தமாக இருந்தவருக்கு எந்தக் கடையிலும் இடம் இருந்தது.

நோட்டீஸ் காலத்தில் நாமும் செய்ய வேண்டியது அதுதான். ஒவ்வொரு கடையிலும் எவ்வளவு பாக்கி என்று ஒரு பட்டியல் எடுத்து, கடைக்காரர் முன்னால் சரிபார்த்து, ஏஜென்சி முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள். நிற்கிற க்ளெய்ம்களை எந்த மாதம், எந்த ஸ்கீம், எவ்வளவு என்று எழுதி மேனேஜருக்கு மெயில் போடுங்கள். கடைக்காரரிடம் "எடுத்துக்கிறேன்" என்று நீங்கள் வாக்குக் கொடுத்த டேமேஜ் எதுவும் இருந்தால், கிளம்புவதற்குள் எடுத்துக் கொடுத்துவிடுங்கள், முடியாவிட்டால் முடியாது என்று நேரில் போய்ச் சொல்லுங்கள். சேல்ஸ்காரருடைய கடைசிச் செட்டில்மென்ட் நிற்பது பெரும்பாலும் இந்தப் பாக்கிகளில்தான். ரிலீவிங் லெட்டர் இல்லாமல் அடுத்த கம்பெனியிலும் இழுபறி ஆகும். உள்ளேயே உயர்வு வாங்கி வேறு ஏரியாவுக்குப் போகிறவரும் இதையே செய்ய வேண்டும். இல்லையேல் புது ஏரியாவில் நிற்கும்போது பழைய ஏஜென்சியிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும்.

புது இடத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே பழைய யுஏஎன் எண்ணை (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) கொடுத்து பிஎஃப்பை மாற்றக் கேளுங்கள். எடுத்துச் செலவு செய்யாதீர்கள். ஐந்து வருடத் தொடர் பணிக்கு முன் எடுத்தால் அதற்கு வரி வரலாம். பென்ஷனுக்குப் பத்து வருடப் பணி வேண்டும் என்பதால் பழைய வருடங்களும் சேர்ந்து வர வேண்டும். பழைய கம்பெனியில் அந்த நிதியாண்டில் வாங்கிய சம்பள விவரத்தையும் புதுக் கம்பெனியில் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் இரண்டு இடத்திலும் வரிச் சலுகையைத் தனித்தனியே கணக்கிடுவார்கள், வரி வருகிற அளவு சம்பளம் இருந்தால் ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யும்போது மொத்தமாகக் கட்ட வேண்டி வரும்.